படைத் தலைவரும் அவர் மகள் அன்னம்மாளும்



உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக நாம் மன்றாடுகிற இந்த நவம்பர் மாதத்திலேதான், 1970-ஆம் ஆண்டு 9-ந் தேதி மாலை, பிரான்சு தேசத்துக் கொலொம்பே என்னும் சிற்றூரில் ஷார்ல் தெ கோல் என்ற முதிய போர்வீரர் தம் வீட்டில் திடீரென்று மரித்தார். எண்பது வயது நிறைய இன்னும் 13 நாள் இருந்தது. பங்குக் குருவானவர் விரைந்து வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். புதுச்சேரி, காரைக்காலில் உறவுள்ளவர்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1940-இல் அவ்வூர்கள் அடங்கிய பிரெஞ்சு இந்தியா அவர் பக்கம் சேர்ந்தது.

சேசுசபைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவருக்குப் பிள்ளையாய்ப் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்தார். 1914-இல், தேவமாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளன்று, தினான் பட்டணத்துச் சண்டையில் காலில் குண்டு பட்டது. 1916-இல் வெர்தன் போர்க்களத்தில் காயப்பட்டு ஜெர்மானியர் கையில் சிறைப்பட்டார். ஐந்து முறை தப்பி ஓடப் பார்த்தும் யுத்தம் முடியுமட்டும் விடுதலை கிடைக்கவில்லை. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தபோது லண்டன் வானொலியிலிருந்து தம் ஜனங்களைப் போராட அழைத்ததும், 1959 முதல் 1969 வரை ஜனாதிபதியாய் இருந்ததும் சரித்திரம். அவரை நேசித்தவர் எவ்வளவோ, பகைத்தவரும் அவ்வளவே. கர்வி என்றார்கள், அதில் பொய்யில்லை. அவருடைய அரசியல் கணக்கை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது அவருடைய வீட்டுக்குள்ளே.

1921-இல் இவோன் என்ற பக்தியுள்ள பெண்ணை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள், பிறகு 1928 ஜனவரி முதல் தேதி மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை. பெயர் ஆன்; நம் வழக்கில் அன்னம்மாள். அப்போது தகப்பனார் ஜெர்மனியின் திரியர் நகரில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைவர். குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போல் வளராது என்று சீக்கிரத்தில் தெரிந்துபோயிற்று. இன்று டவுன் நோய்க்குறி என்கிறார்களே, அதுதான்.

அக்காலத்தில் இப்படிப் பிள்ளை பிறந்தால் தாய் தகப்பனின் குடி, துன்மார்க்கம், பரம்பரைக் கறை என்று என்னென்னவோ பேசுவார்கள். செல்வர்கள் குழந்தையைத் தூரத்து விடுதியில் விட்டுவிட்டு வாய் திறக்காமல் இருப்பார்கள். உண்மைக் காரணம் 1959-இல்தான் வெளிப்பட்டது. நம் உடம்பின் உயிரணுவில் 46 குரோமோசோம் இருக்க, இப்பிள்ளைகளுக்கு ஒன்று கூடி 47 இருக்கிறது என்று பாரீசில் லெழேன் முதலிய வைத்தியர்கள் அறிவித்தார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, பெற்றோருமல்ல என்று சேசுநாதர் சுவாமி சொன்னதை நாம் வருஷந்தோறும் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஜாதகம் பார்க்கிறவர்களும் நம்மில் உண்டு.

தெ கோல் தம்பதிகள் அன்னம்மாளை எங்கும் அனுப்பவில்லை. பெய்ரூத்துக்கு மாற்றலானபோதும் அவள் கூடவே போனாள். 1934-இல் கொலொம்பேயில் வீடு வாங்கியதும் அவள் நிம்மதியாய் உலாவத் தோட்டம் வேண்டுமென்பதற்காகத்தான். 1940-இல் சத்துரு நெருங்கியபோது தாய் மூன்று பிள்ளைகளோடு பிரெஸ்த் துறைமுகத்தில் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தாள். ஆறடிக்கு மேல் உயரமான அந்த மனிதர், பிறர் முன்னே சிரிக்கவும் யோசிப்பவர், மகளுக்கு முன்னே கைதட்டிப் பாடுவார், ஆடுவார், தம் ராணுவத் தொப்பியை அவள் விளையாடக் கொடுப்பார். அவள் வாயில் தெளிவாக வந்த சொல் அப்பா என்பது ஒன்றே.

யுத்தம் முடிந்த கையோடு, ஆதரவில்லாத இத்தகைய பெண் பிள்ளைகளுக்கு அவள் பெயரால் பாரீசுக்கு அருகே ஓர் இல்லம் ஏற்படுத்தினார்கள். தாம் எழுதிய போர் நினைவுகள் புத்தகத்தின் வருமானத்தை அவர் அதற்கே விட்டார். 1948 பிப்ரவரி 6-இல், இருபதாம் வயதில், மார்ச்சளியால் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்தபின் மனைவியின் கையைப் பிடித்து, இனி அவள் மற்றவர்களைப் போலாகிவிட்டாள் என்றாராம். எத்தனை வருஷத்துத் துக்கம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது பாருங்கள்!

1952-இல் தம் அடக்கத்துக்குக் கட்டளை எழுதி வைத்தார். அன்னம்மாள் படுத்திருக்கும் குழியிலேயே தம்மையும் வைக்க வேண்டும்; கல்லில் பெயரும் வருஷமும் போதும்; மந்திரிகள் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், வாத்தியம் வேண்டாம். அப்படியே நடந்தது. உலகத் தலைவர்கள் பாரீசில் பெரிய கோவிலில் கூடியிருந்த அதே நாளில், கிராமத்து இளைஞர்கள் அவரைச் சுமந்துபோய் மகளருகே வைத்தார்கள். 1979-இல் தாயும் அங்கே வந்து சேர்ந்தாள்.

சுவிசேஷத்து நூற்றுக்கதிபதி நூறு சேவகரை ஏவி நடத்தியவன். ஆனால் வீட்டில் திமிர்வாதமாய்க் கிடந்த ஓர் ஊழியனுக்காக ஆண்டவரைத் தேடி வந்தான். நற்கருணை வாங்குமுன் நாம் சொல்லுகிறது அவன் வாய்ச்சொல்லைத்தானே. அவன் வீட்டு நோயாளியை மறைக்கவில்லை. நாம்?

வீடு மந்திரிக்க வரும்போது சாத்தியிருக்கும் பின்கட்டுக் கதவுகளை நானும் பார்க்கிறேன். தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று அக்காளை மறைக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஊர் வாய் பொல்லாதது. ஆனாலும் ஞானஸ்நானத்தன்று எண்ணெய் பூசிப் பெயரிட்ட பிள்ளை, அதற்குப்பின் கோவில் வாசலை மிதித்ததில்லை என்றால் அந்தக் கணக்கை யார் ஒப்புவிப்பது?

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்கு முன்பக்கத்து இரண்டு பெஞ்சுகள் இப்பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் விடப்பட்டிருக்கும். சத்தம் போட்டால் போடட்டும், பூசை நிற்காது. நற்கருணை வீட்டு அப்பத்தைப் போன்றதல்ல என்று தலையசைத்துக் காட்டக்கூடிய பிள்ளைக்குப் புதுநன்மை கொடுக்கலாம். பூசைக்குப்பின் சக்கிறீஸ்தில் என்னை வந்து பாருங்கள்.