சேர்ப்பித்தலும் அறமும்

மருந்தைக் கண்டறிதல் விஞ்ஞானியின் பணி, அதனை நோயாளிக்குச் சேர்ப்பித்தல் அரசின் பணி என்று பிரித்துரைப்பது கற்றோரிடையே வழக்கம். அப்பிரிவு அறநோக்கில் நிலைபெறுமா என்பதைப் புற்றுநோய்க்கான தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசியை முன்வைத்து ஆராயலாம்.

புற்றுக்கலத்தின் அடையாளத்தை உடலுக்குக் கற்பிக்கும் ஓலை இத்தூது ஆர்.என்.ஏ. எனலாம். ஓலை எளிதிற் சிதையுமாதலின், கொழுப்பாலான நனோத் துணிக்கையினுட் பொதிந்து அதனை அனுப்புகின்றனர். துணிக்கை குருதியிற் கலந்ததும் அங்குள்ள புரதங்கள் அதன்மீது போர்வைபோற் படிகின்றன. அது செல்லும் திசையை இப்போர்வை பெரிதும் வகுக்கிறது. அப்போலிப்புரதம் ஈ படிந்தால் துணிக்கை ஈரலை நாடும்; 2018இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பற்றிசிரான் என்னும் மருந்து இவ்வியல்பின் துணைகொண்டே ஈரலை அடைகிறது. புற்றுநோய்த் தடுப்பூசி சேரவேண்டிய இடமோ நிணநீர்க் கணுக்களிலுள்ள நோயெதிர்ப்புக் கலங்கள். ஆகவே தக்க புரதங்களை முன்கூட்டியே பூசி அதன் வழியை மாற்ற முயல்கின்றனர். இம்முயற்சி எளிதன்று. புரதம் படிந்த துணிக்கைகள் கலத்தினுள் மிகுதியாகப் புகுந்தும், ஓலை அங்கே வாசிக்கப்படாது போவதுண்டென அண்மைய ஆய்வு காட்டுகிறது.

2022 டிசெம்பரில் மொடேர்னா, மேர்க் நிறுவனங்கள் ஒரு பெறுபேற்றை வெளியிட்டன. மெலனோமா என்னும் தோற்புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற 157 பேரிடை நிகழ்ந்த பரிசோதனையில், வழக்கமான சிகிச்சையோடு இவ்வூசியும் பெற்றோருக்கு நோய் மீளும் அல்லது இறப்பு நேரும் அபாயம் 44 வீதம் குறைந்தது. அவரவர் கட்டியை ஆராய்ந்து அவரவர்க்கெனத் தனித்தனியே ஆக்கப்பட்ட ஊசி அது. அரிய சாதனையே, அதனைக் குறைகூறல் அறிவுடைமையன்று. ஆயின் கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் வறிய நோயாளிக்குப் புகலிடம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் அரச வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளே அரிதாயின.

இது அரசின் குறை, ஆய்வாளனை ஏன் இழுக்கவேண்டும் என்பர் சிலர். ஒரு பகுதி உண்மை. ஆனால் துணிக்கையின் கொழுப்பையும் புரதப்பூச்சையும் தெரிவுசெய்பவன் அதன் விலையையும், அது கோரும் குளிரையும், அதனை ஆக்கவல்ல ஆலைகளின் தொகையையும் உடன் தெரிவுசெய்துவிடுகிறான். பூச்சு ஒன்று கூடின், செய்முறையிற் படியொன்று கூடும். நோயாளிகளுட் சிலர் ஆய்வுகூட மேசையிலேயே விலக்கப்பட்டுவிடுகின்றனர்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி இதற்குச் சான்று. புரதத்தாலேயே அமைந்த துணிக்கை அது. 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது மூன்று ஊசிகளின் விலை ஏறத்தாழ 360 டொலர். இலங்கையில் ஆறாம் ஆண்டு மாணவியர்க்கு அது வழங்கப்படத் தொடங்கியது 2017இல். பாடசாலைகளும் இலவசச் சுகாதார சேவையும் அதற்கு முன்னரே ஊர்தோறும் இருந்தன. 2006இல் ஆறாம் ஆண்டிலிருந்த சிறுமியர் இன்று முப்பதை எட்டிய பெண்கள். பாடசாலையில் அவ்வூசி அவர்களுக்குக் கிட்டவில்லை.