இரக்கமும் இடமும்

மனிதனுடைய இரக்கம் பெரும்பாலும், அவன் யாரோடு சில காலம் சேர்ந்து நடக்கிறானோ அவர்கள் பக்கமே சாய்ந்து நிற்கிறது. இரண்டு குடும்பங்களுக்கிடையே வழக்கு நேர்ந்தால், எவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதலில் கதையைக் கேட்டோமோ அவருடைய துயரம் நம் துயரமாகவும், மற்றவருடைய துயரம் எங்கோ நடந்த ஒரு செய்தியாகவும் தோன்றுவதை அனுபவத்தில் அறியாதவர் இல்லை. இப்படிப் பட்சபாதத்தோடு பிறக்கும் இரக்கத்தை ஒரு நற்குணமென்று போற்றுவதா, நியாயத்தை மறைக்கும் திரையென்று தள்ளுவதா என்ற கேள்வி வெகு காலமாக என் மனத்தில் இருந்து வந்தது. அதைத் தெளிவாகச் சிந்திக்கும் வாய்ப்பு, ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா நாட்டில், காட்டு நாய்களையும் சிங்கங்களையும் பின்தொடர்ந்து திரிந்த ஒரு குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்தது.

அங்கோலா நாட்டின் மேட்டு நிலங்களில் பெய்யும் மழை, ஒக்கவாங்கோ என்னும் ஆறாகித் தென்கிழக்கே பாய்ந்து, கடலைக் காணாமலே கலஹாரி மணற்பரப்பில் நூறு கிளைகளாகப் பிரிந்து மறைந்துபோகிறது. அந்த நீர் இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்கு மாதங்கள் பல ஆவதால், சுற்றிலும் வானம் வறண்டு புல் காய்ந்து கிடக்கும் ஜூன், ஜூலை மாதங்களிலேயே இந்த டெல்டா வெள்ளம் நிறைந்து விளங்குகிறது. எண்ணிறந்த உயிர்கள் அங்கே வந்து கூடுவதற்கு இதுவே காரணம். இதன் கிழக்குப் பகுதியிலுள்ள மொரேமி வனவிலங்குக் காப்பகத்தை 1963-ஆம் ஆண்டில் ஏற்படுத்தியவர்கள் அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடிய பட்டவானா மக்களே. நாடு இன்னும் சுதந்திரம் பெறாத காலம் அது. வேட்டையினால் விலங்குகள் அருகி வருவதைக் கண்டு, காலஞ்சென்ற தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவியார் முன்னின்று நடத்த, அவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பெரும் பகுதியை வேட்டைக்கு விலக்கி வைத்தார்கள். காப்பகத்துக்குள் வண்டிகள் பாதையை விட்டு இறங்குவதற்கில்லை. அதை ஒட்டிய சில காட்டுப் பகுதிகளில் அந்த அனுமதி உண்டு. ஆகையால் நாய்களைப் பின்தொடர விரும்புகிறவர்கள் அப்பகுதிகளையே நாடுகிறார்கள்.

ஆப்பிரிக்கக் காட்டு நாய் நம் தெரு நாய்க்கு நெருங்கிய உறவு அன்று. முன்னங்காலில் ஐந்துக்குப் பதில் நான்கே விரல்கள். வட்டமான பெரிய காதுகள். கறுப்பும் பழுப்பும் மஞ்சளும் வெண்மையும் திட்டுத் திட்டாகக் கலந்த தோல். ஒரு நாயின் மேலுள்ள திட்டுகள் மற்றொன்றின்மேல் அதே விதமாக அமைவதில்லை என்பதால், ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கொண்டே ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். முதுமலைக் காடுகளில் கூட்டமாக வேட்டையாடும் செந்நாயை அறிந்தவர்களுக்கு இவற்றின் வாழ்க்கைமுறை அந்நியமாகத் தோன்றாது.

பொழுது புலருமுன்பே கம்பளியைப் போர்த்துக்கொண்டு திறந்த வண்டியில் புறப்படுவோம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் மணலில் பதிந்த சுவடுகளைப் பார்த்து, அவை எந்த நேரத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில் சென்றன என்பதைச் சொல்லிவிடுவார். ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைவைத்துப் படுத்திருக்கும் நாய்களில் ஒன்று எழுந்து, தலையைத் தாழ்த்திக் காதுகளை மடக்கி மற்றொன்றின் வாயை நக்கும். அது எழுந்து அடுத்ததை எழுப்பும். சிறிது நேரத்தில் கூட்டம் முழுவதும் பறவைகள் போலக் கீச்சிட்டுக்கொண்டு ஒன்றையொன்று உரசித் திரியும். பிறகு தும்மல்கள் கேட்கத் தொடங்கும். இந்த ஒக்கவாங்கோ நாய்களை ஆராய்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, கூட்டம் வேட்டைக்குக் கிளம்புமா கிளம்பாதா என்பதற்கும் இந்தத் தும்மல்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டு என்று காட்டியது. தலைமை வகிக்கும் ஜோடி முதலில் எழுந்தால் ஏறக்குறைய மூன்று தும்மல்கள் போதும். தாழ்ந்த நிலையிலுள்ள நாய் எழுந்தால் பத்து வரை வேண்டியிருக்கிறது. அந்தஸ்து அங்கேயும் உண்டு. ஆயினும் அந்தஸ்து இல்லாததன் விருப்பத்துக்கும் மற்றவை இசைந்தால் இடம் உண்டு.

வேட்டையில் வீழ்ந்த இம்பாலா மானைச் சுற்றி, அவ்வாண்டு பிறந்த குட்டிகள் கூட வந்திருந்தால், பெரியவை விலகி நிற்க, குட்டிகளே முதலில் உண்ணும். இன்னும் வளையை விட்டு வெளிவராத குட்டிகளுக்கும், அவற்றுக்குக் காவலாகப் பின்தங்கிய நாய்க்கும், வேட்டையாடி வந்தவை தாம் விழுங்கிய இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். கால் முறிந்து நொண்டிக்கொண்டிருந்த ஒரு நாய்க்கும் அந்தப் பங்கு கிடைத்ததை நான் பார்த்தேன். எளியவர்க்கு முதல் உணவு, நோயுற்றவர்க்கு ஒரு பங்கு என்னும் தர்மத்தை மனித சமூகங்கள் எவ்வளவு உபதேசங்களுக்குப் பிறகும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லையே என்று எண்ணுகிறவன், அந்தக் காட்சியைக் கண்டபின் அந்தக் கூட்டத்தை நேசிக்காமல் இருப்பது இயலாது. நானும் நேசித்தேன்.

அந்த நேசம் வேரூன்றிய பின்னரே சிங்கங்கள் வந்தன. ஆர்ட்வார்க் என்னும் விலங்கு முன்பு தோண்டிவிட்டுப் போன வளையில் குட்டிகள் இருக்க, ஒரு மாலைப் பொழுதில் இரண்டு பெண் சிங்கங்கள் புல்லினூடே அவ்விடத்தை நோக்கி வருவதைக் கண்டோம். காட்டு நாய்களின் இயற்கை மரணத்துக்குப் பெருங்காரணம் சிங்கங்களே. கொன்ற நாயை அவை பெரும்பாலும் தின்பதுமில்லை. வண்டியைக் குறுக்கே செலுத்திச் சிங்கங்களைத் திருப்பிவிடலாகாதா என்று நான் கேட்டேன். இன்று நாய்களுக்காக அதைச் செய்தால், நாளைக்குப் பசித்த சிங்கக் குட்டிகளுக்காக மான்களை மடக்கிக் கொடுக்கவும் வேண்டியிருக்கும் என்று வழிகாட்டி அமைதியாகச் சொல்லி, வண்டியை நிறுத்தினார். நாய்கள் அபயக் குரல் எழுப்பி, ஒன்று இப்பக்கமும் ஒன்று அப்பக்கமுமாக ஓடிச் சிங்கங்களின் கவனத்தைத் திருப்பின. குட்டிகள் தப்பின, அந்த முயற்சியில் வளர்ந்த நாய் ஒன்று இறந்தது. கடிபட்ட உடலை மோந்து பார்த்துவிட்டுச் சிங்கங்கள் அப்பால் சென்றன. அந்த இரவு என் உள்ளத்தில் சிங்கத்தின்மீது எழுந்த உணர்ச்சியைப் பகை என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் தொடங்கிச் சில நாட்கள் அந்தச் சிங்கங்களையே பின்தொடர்ந்தோம். நாளின் பெரும்பகுதியை உறங்கிக் கழிக்கும் பிராணியைப் பின்தொடர்வதற்கு ஓடும் வேகத்தைக் காட்டிலும் உட்காரும் பொறுமை அதிகம் வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோது தெரிய வந்தவை பல. அவற்றின் விலா எலும்புகள் தோலுக்கு மேலே தெரிந்தன. சிங்கத்தின் வேட்டைகளில் பலிப்பவற்றைவிடத் தவறுபவை அதிகம். பலித்தாலும் வலியவை முதலில் உண்ண, குட்டிகளுக்குக் கிடைப்பது மிச்சம். சிங்கக் குட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை இரண்டு வயதை எட்டுவதற்குள் பசியாலும், புதிதாக வந்த ஆண் சிங்கங்களாலும், பிற விபத்துகளாலும் மாண்டு போகின்றன. ஆனால் அந்த வறுமைக்குள்ளும், ஒரு தாயின் குட்டிக்கு மற்றொரு தாய் தடை சொல்லாமல் பாலூட்டிக் கிடந்தது. கூட்டம் நடக்கும்போது பின்தங்கிப் பின்தங்கி வந்த மெலிந்த குட்டி ஒன்றைத் தாய் நின்று நின்று திரும்பிப் பார்த்தது. இந்த முறையாவது மான் தப்பாமல் இருக்க வேண்டுமே என்று நெஞ்சம் துடித்த வேளையில், அந்த மான் சற்றுமுன் வரை நான் நேசித்த நாய்க்குட்டிகளின் உணவும் அல்லவா என்பது நினைவுக்கு வந்தது.

இரண்டு இரக்கங்களும் உண்மையானவை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. பின்தொடராதவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. தூரத்தில் நின்று இயற்கையின் விதி என்று சொல்லி அவன் ஓய்ந்துவிடலாம். ஒரு பக்கத்தை மட்டும் பின்தொடர்ந்தவனுக்கும் சங்கடம் இல்லை. அவனுக்கு எதிரி யார் என்பது நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் வரலாறே சான்று. பிற்காலத்தில் குரூகர் தேசியப் பூங்காவாக 1926-இல் விரிந்த சாபி காப்பகத்தில், 1902-இல் பொறுப்பேற்ற காப்பாளர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டனும் அவருடைய உதவியாளர்களும், அருகிப்போன மான் கூட்டங்கள் பெருக வேண்டுமென்ற அக்கறையால், ஆரம்ப ஆண்டுகளில் சிங்கங்களையும் காட்டு நாய்களையும் சுட்டுக் குறைத்தார்கள். மானைக் காக்கப் புறப்பட்ட அக்கறையே துப்பாக்கியாக மாறிற்று. பல ஆண்டுகள் அக்காட்டிலேயே வாழ்ந்த அந்தக் காப்பாளர், கொன்று தின்னும் பிராணிக்கும் அங்கே உரிய ஸ்தானம் உண்டு என்ற முடிவுக்குப் பின்னர் வந்தார். ஆனால் காட்டு நாய்க்கு விளைந்த அபகீர்த்தி எளிதில் நீங்கவில்லை. பல நாடுகளில் அதை நாசகாரப் பிராணியென்று அரசாங்கமே சுடச் செய்தது. இன்று ஆப்பிரிக்கா முழுவதிலும் எஞ்சியிருப்பவை சுமார் 6,600 என்பது மதிப்பீடு.

இவ்வளவுக்கும் பிறகு, சிங்கம் உள்ள காட்டில் நாய் எவ்வாறு பிழைத்திருக்கிறது? சிங்கத்தின் கருணையால் அன்று. நாயின் வீரத்தாலும் அன்று. அவற்றிடையே சமாதானம் ஏற்பட்டதில்லை, ஏற்படப் போவதும் இல்லை. ஒரு நாய்க் கூட்டம் பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் சுற்றித் திரிகிறது. சிங்கங்கள் அடர்ந்த இடங்களை விட்டு விலகி, அவை அருகிய மூலைகளைத் தேடிப் போகிறது. விலகிப் போவதற்கு இன்னும் ஓர் இடம் மிஞ்சியிருக்கும் வரை அது வாழும். அந்த விசாலம் சுருங்கினால், எத்தனை பேர் அதை நேசித்தாலும் அது வாழாது.

காப்பகத்தின் எல்லைக்கு அப்பால் ஆடு மாடு வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டின் செல்வம் முழுவதும் தொழுவத்தில் நிற்கும் ஒருவருக்கு, எல்லை கடந்து வந்த நாய் என்ன பொருள்படும் என்பதை அறிய அவரோடும் சில நாள் நடக்க வேண்டும். மொரேமி அமைந்தபோது, அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆற்றங்கரைப் புஷ்மன் குடிகள் வெளியேறிக் குவாய் கிராமத்தில் குடியேற நேர்ந்தது. விலங்குகளுக்குக் கிடைத்த விசாலம் அவர்களுடைய இழப்பிலிருந்தும் வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கிராமத்து நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் நோயால் 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழிந்தபோது, மனிதனின் தொழுவமும் சிங்கத்தின் காடும் தனித்தனி உலகங்கள் அல்ல என்பது எல்லோருக்கும் விளங்கியது. இதை உணர்ந்தவர்கள் போட்ஸ்வானாவில் ஓர் அரிய முயற்சியில் ஈடுபட்டிருக்கிறார்கள்: காட்டு நாய்கள் தம் எல்லையைச் சிறுநீரின் மணத்தால் குறிப்பதால், அந்த மணத்தையே காப்பகத்தின் ஓரங்களில் இட்டு, அப்பால் போக வேண்டாமென்று நாய்க்குப் புரியும் விதத்தில் அறிவிக்க முயல்கிறார்கள். மேய்ப்பவரையும் நாயையும் ஒருங்கே பின்தொடர்ந்தவர்களுக்கே இப்படியொரு யோசனை தோன்ற முடியும்.

பக்கம் சாயும் இரக்கத்தைக் குற்றமென்று நான் இப்போது கருதவில்லை. யாரோடும் நடக்காமல் எல்லோரையும் சமமாக நேசிப்பதாகச் சொல்லும் அன்பில் சாரம் இல்லை. ஒருவரை அருகிலிருந்து அறியாத இடத்தில் இரக்கம் முளைப்பதே இல்லை. முளைத்தபின் அது எதிர்ப்பக்கத்துக்கும் நடந்து செல்ல மறுப்பதே குற்றம். அப்படி இரு பக்கமும் நடந்து பார்த்தவன், யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்வதில் ஊக்கம் இழந்து, இருவரும் வாழ எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிடத் தொடங்குகிறான். குடும்பங்களிலும் ஊர்களிலும் நாம் தீராத பகைகளுக்கு மனமாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். சில பகைகளில் மனம் மாறாது. அங்கே ஒருவர்மீது ஒருவர் இடிக்காமல் வாழ இடம் உண்டாக்குவதே தர்மம். அந்த இடத்தை எளியவரின் பங்கிலிருந்து வெட்டி எடுப்பது சுலபம். மேய்ப்பவரும் புஷ்மன் குடிகளும் அந்தச் சுலபத்தின் விலையைக் கொடுத்தவர்கள். ஆகவே இரு தரப்பிலும் அன்பு உள்ளவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தேவைக்கு மிஞ்சித் தன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே. விட்டுக்கொடுத்தல் அங்கிருந்து தொடங்கினால்தான் இரக்கம் நியாயமாக முதிரும்.