தட்டைப் பிள்ளை கையில் கொடுங்கள்

(அட்வெந்து காலக் குடும்பக் கூடுகையில் கொடுத்த செய்தி)

பின்னால நிக்கிற தம்பிமாரு உள்ள வந்து உக்காருங்க. முன் வரிசை காலியாத்தான் கிடக்கு. அது நம்ம சபையோட பாரம்பரியம். இன்னைக்குத் தலைப்பும் பாரம்பரியம்தான், அதனால திட்டல.

யாத்திராகமம் 12 எடுங்க, 26ஆம் வசனம். பஸ்கா ராத்திரி. நிலைக்கால்ல ரத்தம் பூசணும், இடுப்புல கச்சை, கையில கோல். எகிப்து முழுக்க அழுகை கேக்கப்போகுது. அந்த அவசரத்துல ஆண்டவர் யாரை நினைக்கிறார்? பிள்ளைகளை. பின்னால ஒருநாள் உங்க பிள்ளை கேப்பான், இந்த ஆராதனை எதுக்குன்னு, அப்ப பதில் சொல்லுங்கங்கிறார். யோசுவா 4லயும் அதே கதை. யோர்தான்ல இருந்து 12 கல்லு. எதுக்கு? பிள்ளை கேக்கணும்னுதான். பிள்ளையைப் பிடிச்சு உக்கார வச்சுப் பிரசங்கம் பண்ணுன்னு சொல்லல, பாருங்க. கண்ணுல படுற மாதிரி கல்லை அடுக்கு, அவனே கேப்பான்ங்கிறார். (சரி, நான் உங்களை உக்கார வச்சுத்தான் பண்றேன். என்ன செய்ய, அதுக்குத்தானே கூப்பிட்டீங்க.)

இப்ப உங்ககிட்ட கேக்கிறேன். உங்க வீட்டுக் கிறிஸ்மஸ்ல பிள்ளை எதைப் பாத்துக் கேள்வி கேக்கும்?

எங்க ஊரு தேரிக்காட்டு ஓரம். செம்மண்ணு, பனைமரம், நடுவுல கோயில் கோபுரம். டிசம்பர் பிறந்தா ஒவ்வொரு வீட்டுலயும் எண்ணெய்ச் சட்டி ஏறிரும். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறை வறுத்துத் திரிச்சு, பாகு காய்ச்சி உருண்டை பிடிப்பாங்க. அச்சு முறுக்குக்கு அச்சை முதல்ல எண்ணெயில காய வைக்கணும். காயாத அச்சுல மாவு ஒட்டாது. மாவுல முக்கும்போது அச்சு முழுசா முங்கக் கூடாது, முங்குனா முறுக்கு கழண்டு வராது. அம்மாமார் தலையாட்டுறாங்க! இந்தக் காலத்துப் பொண்ணுங்க செல்போனைப் பாக்கிறாங்க. எங்க ஆச்சி காலமான பிறகு நிலத்தைப் பங்கு வைக்கையில ஒரு சத்தமும் இல்ல. அந்த அச்சு யாருக்குங்கிறதுல எங்க அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் நடந்த சண்டை இருக்கே, அதைத் தனிக்கூட்டம் போட்டுத்தான் சொல்லணும்.

நான் சொல்ல வந்தது முறுக்கு இல்ல. தட்டு.

பலகாரம் எல்லாம் சுட்டாச்சுன்னா ஆச்சி எவர்சில்வர் தட்டுகளை வரிசையா வச்சு அடுக்குவாங்க. மேல ஒரு துணி. ஒவ்வொரு தட்டையும் ஒரு பிள்ளை கையில கொடுப்பாங்க. பெரியவங்க கொண்டு போக மாட்டாங்க, பிள்ளைகதான். எதிர்வீட்டு ஆச்சி தினம் இசக்கியம்மன் கோயிலுக்குப் போறவங்க, அவங்க வீட்டுக்கு ஒரு தட்டு. கடைக்கார ராவுத்தர் வீட்டுக்கு ஒரு தட்டு. தட்டு திரும்பி வரும்போது வெறுசா வராது. ஒரு கை சீனி போட்டுத்தான் கொடுப்பாங்க. வழியில அந்தச் சீனியை நாங்க நக்கிருவோம், உதட்டைப் பாத்தே ஆச்சி கண்டுபிடிச்சிருவாங்க. திட்ட மாட்டாங்க. "அது தூக்குனவன் கூலி"ம்பாங்க.

ஒரு வருஷம் என்னாச்சு, பக்கத்து வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் வாய்க்கால் தண்ணியில தகராறு. பேச்சு வார்த்தை கிடையாது. பண்டிகைக்கு ஆச்சி தட்டை அடுக்குறாங்க, அந்த வீட்டுத் தட்டும் இருக்கு! என் கையில தந்தாங்க. நான் கேட்டேன், "ஆச்சி, அவங்கதான் நம்மகூடச் சண்டையாச்சே?" ஆச்சி ஏறிட்டுக்கூடப் பாக்கல. "சண்டை எங்களுக்குள்ள. பண்டிகை அவரோடது. போலே."

மத்தேயு 5, 23, 24. முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுங்கிற வசனம். அதை எனக்கு இறையியல் கல்லூரியில பின்னால சொல்லிக் கொடுத்தாங்க. எங்க ஆச்சிக்குக் கையெழுத்தே போட வராது.

போனேன். அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்தாங்க, ஒண்ணும் பேசல. தட்டை வாங்கிட்டுப் போய்க் கழுவித் துடைச்சு, சீனி போட்டுக் கொண்டாந்தாங்க. வருஷம் முழுக்க ரெண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. ஆனா தீபாவளிக்கு அங்கேயிருந்து அதிரசம் வந்துச்சு. யார் கையில? அவங்க வீட்டுப் பிள்ளை கையில! ஆமேன் சொல்லுங்க. சத்தமே காணோம். வாய்க்கால் தகராறு இங்கேயும் நிறைய இருக்கும் போல.

நான் அன்னைக்குக் கேள்வி கேட்டேன்ல? ஏன் கேட்டேன்? தட்டு என் கையில இருந்துச்சு, அதனால கேட்டேன். வேற யார் கையிலயும் இருந்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

இப்ப நம்ம என்ன பண்றோம்? பேக்கரியில ஆர்டர். அட்டை டப்பா, மேல சிவப்பு ரிப்பன். போன்ல தட்டுனா கடைக்காரனே போய்க் கொடுத்துட்டு வந்திருவான். வசதிதான், குறை சொல்லல. ஆனா அந்த டப்பாவை யாரும் திருப்பித் தர வேண்டாம், பாருங்க! போற வழி மட்டும் இருக்கு, வாற வழி இல்ல. பிள்ளை? பிள்ளை சோபாவுல கிடந்து கேம் ஆடிக்கிட்டிருக்கு. அப்புறம் என்கிட்ட வந்து, "ஐயா, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு ஈடுபாடே இல்ல"ன்னு கண்ணைக் கசக்குறது.

லூக்கா 2, 41லேர்ந்து படிங்க. யோசேப்பும் மரியாளும் வருஷா வருஷம் எருசலேமுக்குப் போவாங்க. ஆண்டவருக்கு 12 வயசு. திரும்பி வரையில பிள்ளையைக் காணோம். அவங்க என்ன நினைச்சாங்க? கூட்டத்துல சொந்தக்காரங்ககூட வருவான்னு நினைச்சாங்க. ஒருநாள் பயணம் அப்படியே நடந்திருக்காங்க! இங்கேயும் அதுதான். அப்பா நினைக்கிறார், அம்மா பாத்துக்குவான்னு. அம்மா நினைக்கிறா, ஞாயிறுபள்ளி டீச்சர் பாத்துக்குவாங்கன்னு. டீச்சர் நினைக்கிறாங்க, ஐயர் பாத்துக்குவார்னு. ஐயர் நினைக்கிறார்... சரி, அதை விடுங்க. ஆனா தேவாலயத்துல அந்தப் பிள்ளை என்ன செய்துகிட்டிருந்தது? போதகர்கள் நடுவுல உக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டிருந்தது. வருஷா வருஷம் பண்டிகைக்குக் கூட்டிட்டுப் போன வீட்டுல வளந்த பிள்ளை!

குடில் வைக்கிறீங்களே, அதுவும் இப்படிக் கண்ணால பாக்கணும்னு வந்ததுதான். 1223ல இத்தாலியில கிரேச்சோங்கிற ஊருல பிரான்சிஸ் அசிசியார் ஒரு முன்னணையை வச்சு, வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டாந்து நிறுத்தினார். போன வருஷம் நம்ம குடில்ல ஒரு வாண்டு என்னை நிறுத்திக் கேக்குது, "ஐயா, பைபிள்ல மாடு, கழுதை எங்க இருக்கு?" லூக்காவுல இல்ல. ஏசாயா 1:3 போய்ப் பாருன்னேன். அடுத்த வாரம் வந்து, "சாஸ்திரிகள் மூணு பேர்னும் மத்தேயுவுல இல்லையே"ங்குது! எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பிள்ளைதான் குடிலுக்கு வைக்கோல் சுமந்தது. வேடிக்கை பாத்த பிள்ளைக யாரும் கேக்கல.

இடையன்குடி கோயிலுக்குப் போயிருக்கீங்களா? கால்டுவெல் ஐயர் அதைக் கட்ட 1847ல தொடங்கி 1880ல முடிச்சார். 33 வருஷம். கடைக்கால் போடையில தொட்டில்ல கிடந்த பிள்ளை, பிரதிஷ்டையில தகப்பனா நின்னிருக்கும். அந்தக் காலத்துல சீக்கிரமே பேரனும் வந்திருவான், மூணு தலைமுறைன்னு வச்சுக்கோங்க. அப்பன் தூக்குன கல்லைப் பாத்துப் பிள்ளை கேக்காமலா இருந்திருப்பான்?

கேக்கிற பிள்ளைக்கு வீடுதான் பதில் சொல்லணும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனோட பாட்டி பேரைச் சொல்றார், அம்மா பேரைச் சொல்றார். லோவிசாள், ஐனிக்கேயாள். அவங்க என்ன பலகாரம் சுட்டாங்கன்னு எழுதல, அது எனக்கு ஒரு குறைதான்.

துபாய்ல, சென்னையில பிளாட்ல இருக்கிறவங்க கேக்கலாம், "ஐயா, முந்திரிக்கொத்துக்கு எங்க போக?" முந்திரிக்கொத்தே வேணும்னு யார் சொன்னா? ரெண்டு வாழைப்பழத்தைத் தட்டுல வைங்க. பக்கத்துக் கதவைத் தட்டச் சொல்லுங்க. பிள்ளை கையில கொடுங்க. கீழ போட்டுருவான், சட்டையில எண்ணெய் ஆக்கிருவான். ஆக்கட்டும். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்கும் ஒரு தட்டு அனுப்புங்க. "அவங்க வீட்டுக்கு ஏம்மா?"ன்னு கேப்பான். அப்ப நீங்க பதில் சொல்லணும், ஐயரைக் கூப்பிடக் கூடாது.

கேரல் ரவுண்ட்ஸ் 20ஆம் தேதி தொடங்குது. பேர் கொடுக்காதவங்க கமிட்டி அண்ணாச்சிகிட்ட இன்னைக்கே கொடுங்க. நட்சத்திரக் கம்பு, தபேலா, காணிக்கைப் பை எல்லாம் சின்னப் பிள்ளைக தூக்கட்டும், ஆர்மோனியத்தை மட்டும் பெரியவங்க தூக்குங்க, போன வருஷமே ஒரு கட்டை போயிருச்சு. ஐயரம்மா கடிகாரத்தைக் காட்டுறாங்க. எழுந்து நில்லுங்க, ஜெபிப்போம்.