வைத்தியர் சங்கமும் எல்லை கடந்த அறமும்

பல நாட்டு வைத்தியரை ஒன்றிணைக்கும் சங்கமொன்று, நாடுகளுக்கிடையேயான வேறுபாடுகளை எதுவரை மதித்தல் வேண்டும்?

சித்திரவதைக்கு வைத்தியர் துணைபோகலாகாதென உலக வைத்தியச் சங்கம் 1975 இல் டோக்கியோவிற் பிரகடனஞ் செய்தது. 1977 இல் தென்னாபிரிக்கப் பொலிசாரின் காவலிற் படுகாயமுற்ற ஸ்டீவ் பீக்கோவைப் பார்வையிட்ட வைத்தியர்கள், பொலிசாரின் விருப்பிற்கு இணங்கி அவரைக் கைவிட்டனர், அவர் இறந்தார். அவ்வைத்தியர்கள் மீது குற்றமில்லையென்ற முடிவை அந்நாட்டு வைத்தியச் சங்கத் தலைமை ஏற்றது. ஆயினும், 1976 இல் விலகியிருந்த அச்சங்கத்தை உலகச் சங்கம் 1981 இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

உறவு நீடித்தாலன்றித் திருத்த இயலாதென வாதிடலாம். சிகிச்சை வழக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் இயல்பே. ஆனால் நோயாளியைக் கைவிடுதல் எந்நாட்டுப் பண்பாடுமன்று. வழக்கத்தில் நெகிழ்ந்து கடமையில் உறுதி காக்கும் சங்கமே தொழிலின் மாண்பைக் காக்கும்.