சறுக்குவதற்கு எத்தனை ஆட்டம்?

2022 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் விடுவித்த வீரர்களின் பட்டியலில் நாராயண் ஜெகதீசன் பெயர் இருந்தது. ஆறு நாள் கழித்து, பெங்களூரில் விஜய் ஹசாரே போட்டியில், அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக அவர் 141 பந்தில் 277 ரன் அடித்தார். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அதுவரை உலகில் யாரும் தனியாளாக அவ்வளவு எடுத்ததில்லை. அவருக்குத் தொடர்ச்சியாக அது ஐந்தாவது சதம். 2018 முதல் ஐந்து சீசன் சென்னை அணியில் இருந்தவர் அவர். அதற்குள் களத்தில் இறங்கியது ஏழு ஆட்டம்.

இதைக் கேட்டதும், மாணிக்கத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று தீர்ப்பெழுதக் கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். அருணாசலத்தின் பந்துவீச்சு எந்தத் தரம் என்பது ஊரறிந்தது. அடுத்த ஆண்டு கொல்கத்தா அணிக்குப் போன ஜெகதீசன் அங்கே பெரிதாகச் சோபிக்கவும் இல்லை. தவிர, அவர் விக்கெட் கீப்பர். சென்னையில் அந்த இடத்தில் நின்றவர் தோனி. எந்த நிர்வாகமும் தோனியை உட்காரவைத்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்காது. ஆனால் அவர் ஜெயித்திருப்பாரா மாட்டாரா என்ற கணக்கைத் தள்ளிவைத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஓர் இளைஞனை ஐந்து ஆண்டு கூடவே வைத்துக்கொண்டு ஏழு ஆட்டம் தருவது முறையா?

அணியை இளமையாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் வயதையே குற்றமாக்கிவிடுகிறார்கள். அதற்கு மறுப்பும் சென்னை அணியிடமே இருக்கிறது. இரண்டாண்டுத் தடை முடிந்து 2018-இல் திரும்பி வந்தபோது அதை ‘டாடீஸ் ஆர்மி’ என்று கேலி செய்தார்கள். தோனிக்கும் ஷேன் வாட்சனுக்கும் 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39. மே 27 அன்று வான்கடேயில் நடந்த இறுதியாட்டத்தில் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிவில் 57 பந்தில் 117, ஆட்டமிழக்காமல். கோப்பை சென்னைக்கு வந்தது. அந்தப் பத்துப் பந்தை எல்லோரும் அனுபவம் என்றார்கள், நிதானம் என்றார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் இறுதியாட்டத்தில் பத்துப் பந்தை வீணடித்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? மூத்தவருக்குக் கிடைப்பது இடம் மட்டுமல்ல. சறுக்கி எழுவதற்கான நேரமும் சேர்ந்தே கிடைக்கிறது. இளையவருக்கு இடம் கிடைக்கும்போதுகூட இந்த நேரம் கிடைப்பதில்லை. அநீதி இருக்குமானால் அது இங்கேதான்.

2020 அக்டோபர் இதற்கு நல்ல பாடம். அதே மூத்தவர்களில் பலர், இரண்டு வயது கூடி, அமீரகத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் தேதி ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு தோனி, மூத்தவர்களைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும் அளவுக்கு இளையவர்களிடம் பொறியைக் காணவில்லை என்ற பொருளில் பேசினார். ஜெகதீசனிடம் இல்லாத பொறி மூத்தவர் கேதார் ஜாதவிடம் இருக்கிறதா என்று கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் கொதித்தார். ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு அதற்குமுன் இரண்டு ஆட்டம் கொடுத்திருந்தார்கள்: 0, 5. ஒரு மாதம் கழித்து மறுபடி அழைத்தபோது மீண்டும் 0. அதற்குள் அணியின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இழக்க ஒன்றுமில்லாததால் அவரை நீக்காமல் விட்டுவைத்தார்கள். அடுத்த மூன்று ஆட்டத்தில் 65, 72, 62. மூன்றிலும் வெற்றி. மறு ஆண்டு 635 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி, அணிக்குக் கோப்பை.

இந்தக் கதையைத் தோனியின் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வது சென்னை வழக்கம். பாதி உண்மை. பொறி என்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தெரிவதில்லை. விட்டுவிட்டு இரண்டு ஆட்டம் ஆடினாலும் தெரிவதில்லை. தொடர்ந்து ஆடவிட்டபோதுதான் ருதுராஜிடம் அது தெரிந்தது. ஆடவிட்டதற்குக் காரணமோ நம்பிக்கையைவிடத் தோல்வி. திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரம், தகுதியானவனை ஆய்ந்து தேர்ந்துவிட்டால் வேலையை அவன் பொறுப்பில் விட்டுவிடச் சொல்கிறது. தேர்வதில் நாம் கெட்டிக்காரர்கள். விடுவதில்தான் கஞ்சத்தனம்.

எதிர்வாதம் வலுவானது. அணி தர்மசத்திரமல்ல. வெல்வதற்காகத்தான் நடத்துகிறார்கள், வெல்வதைப் பார்க்கத்தான் மக்கள் காசு கொடுத்து வருகிறார்கள். திறமை கூடிய மூத்தவர் இருக்கும்போது அவரை நீக்கிவிட்டு இளையவரை ஆடவிடுவதும் அநியாயம்தான். ஒத்துக்கொள்ள வேண்டியதே. ஆனால் காத்திருப்பதன் செலவு யார் கணக்கில் விழுகிறது? பந்தாட்டக்காரனின் நல்ல காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. அதில் ஐந்தைப் பெஞ்சில் கழித்தவனுக்கு அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. மூத்தவர்களிடம் விசுவாசம் காட்டுவது சென்னை அணியின் பெருமை என்பார்கள். அந்த விசுவாசத்துக்கு விலை கொடுப்பவன் ஓர் இளைஞன் என்றால், பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே நாகரிகம்.

மூத்தவர்களையாவது சரியாக நடத்துகிறோமா? 2022 பிப்ரவரி ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவின் பெயர் 2 கோடி அடிப்படை விலையோடு வாசிக்கப்பட்டது. எந்த மேசையிலிருந்தும் கை உயரவில்லை, சென்னையின் மஞ்சள் மேசை உட்பட. ‘சின்ன தல’ என்று கொண்டாடப்பட்டவர் விடைபெற்றது இப்படி. மேற்கு மாம்பலத்தின் தெருக்களில் பந்து சுழற்றக் கற்ற அஸ்வின் 38 வயதில் 9.75 கோடிக்குத் தாய்வீடு திரும்பினார். 2025 சீசனில் ஒன்பது ஆட்டம் ஆடினார், நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார், ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கே விடைகொடுத்தார். மூத்தவருக்கு இடம் கடனில்லை. இடம் போகப்போகிறது என்பதை முகத்துக்கு நேராக, காலத்தோடு சொல்வது கடன். ஏல மேடை அதைச் சொல்லும் இடமல்ல.

ஐபிஎல்லை விட்டு உள்ளூருக்கு வந்தாலும் விஷயம் இதேதான். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நடக்கும். ஒரு ஆட்டத்தின் பாயின்ட் இன்னொரு ஆட்டத்தின் மிட் ஆனுக்குப் பக்கத்தில் நிற்பார். அங்கிருந்து லீக் கிரிக்கெட்டின் கீழ் டிவிஷனில் ஏதாவது கிளப்பில் நுழைய நினைக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு முன்னால் வேலைக்குப் போகும் அண்ணன்கள் இருப்பார்கள். அவர்கள் கெட்டவர்களல்ல. கிட் வாங்கித் தருபவர்களும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் அவர்களே. அதனாலேயே, “அண்ணே, இந்த வாட்டி நான் ஆடட்டுமா?” என்று அந்தப் பையனால் கேட்க முடியாது. அவன் கேட்கும்வரை காத்திராமல் அண்ணன் தானாக விலகுவதே அறம். அப்படிச் செய்கிற அண்ணன்கள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

2025-க்கு வருவோம். பதினான்கு ஆட்டத்தில் நான்கு வெற்றி. வரலாற்றில் முதன்முறையாகச் சென்னை கடைசி இடம். முழங்கை எலும்பு முறிந்து அணித்தலைவர் ருதுராஜ் விலக, 43 வயது தோனி மறுபடி தலைவர். ஐந்தாண்டு சர்வதேச ஆட்டம் ஆடாதவரை நாட்டுக்கு ஆடாதவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதியின்படி அவரைத் தக்கவைத்திருந்தார்கள், 4 கோடிக்கு. அறிமுகமாகாத பையன்களுக்கான வரிசை அது. விதி மீறப்படவில்லை, ஆனாலும் உறுத்துகிறது. எல்லாம் இடிந்த பிறகுதான் 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரெவிஸும் உர்வில் பட்டேலும் மாற்று வீரர்களாக வந்தார்கள். மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக மாத்ரே 48 பந்தில் 94 அடித்தார். அணி இரண்டு ரன்னில் தோற்றது.

அந்த டிசம்பர் ஏலத்தில் கணக்கு தலைகீழானது. அதற்குமுன்பே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கியாகிவிட்டது. அதுவரை ஐபிஎல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாத 20 வயது பிரசாந்த் வீருக்கும் 19 வயது கார்த்திக் சர்மாவுக்கும் தலா 14.20 கோடி. இளையவர்களுக்கு வழிவிட்டுவிட்டார்கள் என்று கைதட்டலாம். ஆனால் 30 லட்சத்தில் தொடங்கிய பெயர்மேல் 14 கோடியை ஏற்றி வைப்பது ஒரு சுமையும்கூட. விலை அவர்கள் கேட்டதல்ல. பத்துப் பந்தில் ரன் எடுக்காமல் நின்றால் வாட்சனுக்குக் கிடைத்த நிதானப் பட்டம் அவர்களுக்குக் கிடைக்காது; கோடியைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

சொல்லிக் காட்டுபவர் யார்? இந்த வழக்கில் நிர்வாகத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது வசதியான பொய். தான் மேல்வரிசையில் இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று கூட்டம் காத்திருக்கும் என ஜடேஜா 2023-இல் சிரித்துக்கொண்டே சொன்னார். தோனி இறங்குவதைப் பார்க்க, தன் அணிக்காரனே ஆட்டமிழக்க வேண்டும் என்று காத்திருந்த கூட்டம் அது. அதே சீசனின் இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

மஞ்சள் சட்டையோடு சேப்பாக்கத்துக்குப் போகிற வாசகர்களிடம் கேட்க ஒன்றுண்டு. கோடிச் சுமையோடு வரும் அந்தப் பையன்களில் ஒருவன் மூன்று ஆட்டம் தொடர்ந்து சறுக்கினால், நான்காவதிலும் அவன் பெயர் இருக்கட்டும் என்று கேளுங்கள். அவன் மட்டையோடு இறங்கும்போது அவனுக்காகவே கைதட்டுங்கள்.