கூடும் கூண்டும்

நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்ததெனக் கருதப்படும் புறாக்கூடு ஒன்று உண்டு. முருகைக்கல்லாலான அதன் சுவரில் வரிசை வரிசையாகப் பொந்துகள் அமைந்துள்ளன. செய்தி கொணரும் புறாக்கள் அங்கு வளர்க்கப்பட்டன என்பர்.

செய்திப் புறாவை விரும்பிய திசைக்கெல்லாம் ஏவுதல் இயலாது. எங்கு கொண்டுசென்று விடினும் அது தன் கூட்டுக்கே மீளும். யாழ்ப்பாணத்துச் செய்தி நெடுந்தீவை எட்டவேண்டின், நெடுந்தீவில் வளர்ந்த புறாவையே முன்னதாகப் படகில் கொண்டுசென்றிருத்தல் வேண்டும். எனவே, கடல் கடந்து மடலைச் சுமக்கவல்லது ஆள்வோரின் ஆணையன்று, பறவையின் வீட்டுப்பற்றே.

மனிதர் பறவைக்கு வீடமைப்பது அருளாலா, பயன் கருதியா? ஐரோப்பியப் புறாமாடங்கள் பெரும்பாலும் இறைச்சிக்கும் எருவுக்குமாகவே எழுந்தன. மாறாக, அடைக்கலக்குருவிக்கெனத் தாழ்வாரத்தில் முட்டி கட்டித் தொங்கவிடுவோர் எப்பயனையும் வேண்டுவதில்லை. நோக்கம் வேறாயினும் இரண்டிற்கும் கதவில்லை. கூண்டு பறவையைக் கதவால் நிறுத்தும். கூடோ நம்பிக்கையால் நிறுத்தும்.

ஆயின், கதவின்மை மட்டும் அறமாகிவிடுமா? கூண்டில் அடைப்பவன் தன் கொடுமையை மறைப்பதில்லை. நம்பிவந்த பறவையின் குஞ்சைக் கறிக்கு எடுப்பவனோ அடைக்கலத்தையே பொறியாக்குகிறான். ஆதலின், வீடு கொடுத்தல் அறத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. தங்க வந்த உயிர், நம்பிய காரணத்தாற் கேடுறாது காத்தலே அதன் நிறைவு.

1795இல் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. மடல் பெறுவோர் அகன்றபின் அப்பொந்துகள் மனிதர்க்குப் பயனற்றவையாயின. பயன் ஒழிந்த பின்னும் பறவைக்கு இடம் விட்டுவைக்கும் மனமே உண்மையில் வீடு கட்டும் மனம்.