தேறுதலும் தேற்றுதலும்

தமிழில் 'தேறு' என்னும் வினைச்சொல்லுக்குத் தெளிதல், வலுப்பெறுதல், நோயிலிருந்து மீளுதல் என ஒன்றோடொன்று உறவுடைய பல பொருள்கள் உண்டு; பல நாள் காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பற்றி 'இப்போது கொஞ்சம் தேறிவிட்டது' என்று வீட்டார் சொல்வதிலும், கலங்கிய நீரைத் தெளியவைக்கும் விதைக்குத் 'தேற்றாங்கொட்டை' என்று பெயர் வழங்குவதிலும் இந்தச் சொல்லின் உயிர் இன்னும் இருக்கிறது. ஆற்றிலோ குளத்திலோ முகந்துவந்த நீரில் சேறு கலந்திருந்தால், இந்தக் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டு நீரை ஊற்றி வைப்பது பழைய வழக்கம். சேறு இல்லாமற்போவதில்லை, சிறிது நேரத்தில் அடியில் தங்கிவிடுகிறது, மேலே நிற்கும் நீர் குடிக்கத் தகுந்ததாகிறது.

கிறிஸ்தவ மறைநூலைத் தமிழாக்கியவர்கள் இந்த வினையின்மேல் மிகக் கனமான ஒரு பொருளை ஏற்றினார்கள். யோவான் நற்செய்தியில், தாம் கைதுசெய்யப்படுவதற்குச் சற்று முன்னர் இயேசு தம் சீடரிடம், தூய ஆவியானவர் வந்து அவர்களோடு என்றென்றும் தங்கியிருப்பார் என்று வாக்களிக்கும் இடத்தில், மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'பராக்ளேத்தோஸ்' என்பதாகும். அருகில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். வழக்கு மன்றத்தில் ஒருவருக்காகப் பக்கத்தில் நின்று பேசுபவரையும் அது குறித்தது. சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய தமிழ் வேதாகமம் இதைத் 'தேற்றரவாளன்' என்று பெயர்த்தது. 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பு 'துணையாளர்' என்றது. யோவானின் முதல் திருமுகத்தில் இதே கிரேக்கச் சொல் கிறிஸ்துவைக் குறித்து வரும்போது, பழைய வேதாகமமே 'பரிந்து பேசுகிறவர்' என்று வேறொரு சொல்லை நாடியது. மூன்றில் எதுவும் மூலச் சொல்லை முழுமையாகத் தாங்கவில்லை என்றாலும், மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, மறைநூல் பேசும் ஆறுதல் ஒருவர் மற்றொருவரின் பக்கத்தில் வந்து நிற்பதிலிருந்தே தொடங்குகிறது என்பது தெளிவாகும்.

ஆறுதல் உள்ளிருந்து வருகிறதா, பக்கத்தில் நிற்பவரிடமிருந்து வருகிறதா என்பது சிறிய வேறுபாடு போலத் தோன்றலாம். ஆயினும் அன்றாட வாழ்வில் இதன் விளைவு பெரிது. மன உறுதியைப் பற்றிப் பேசும்போது அதை ஒரு மனிதர் தமக்குள் சேர்த்துவைத்திருக்க வேண்டிய உடைமையாகக் கருதுவது பொதுவான வழக்கம். திருக்குறளின் 60-ஆம் அதிகாரமான 'ஊக்கமுடைமை' தன் பெயரிலேயே அவ்வாறு கொள்கிறது. 63-ஆம் அதிகாரமான 'இடுக்கணழியாமை' துன்பத்துக்கு இடங்கொடாத நெஞ்சின் பெருமையைப் பேசுகிறது. அந்த உடைமை இருப்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த அறிவுரை கிடைப்பது அரிது. கிறிஸ்தவ மறைநூலோ வேறோர் இடத்தில் நின்று பேசத் தொடங்குகிறது: அந்த உடைமை தீர்ந்துபோன மனிதரின் நிலையே அதன் தொடக்கம். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் 3 முதல் 7 வரையுள்ள ஐந்தே வசனங்களில், ஆறுதலையும் தேற்றுதலையும் குறிக்கும் கிரேக்கச் சொல் தன் பல வடிவங்களில் 10 முறை வருகிறது. அதற்கு அடுத்த வசனத்திலேயே, ஆசியாவில் தமக்கு நேர்ந்த இடுக்கண் தம் வலிமைக்கு மிஞ்சியதாக இருந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்றும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். அப்பகுதியின் கருத்துப்படி ஆறுதல் என்பது கடவுளிடமிருந்து ஒருவருக்கு வந்து, அவரோடு நின்றுவிடாமல், அதே வகையான துன்பத்தில் இருக்கும் இன்னொருவரை நோக்கி ஓடுவது, தேறியவரே தேற்றுகிறார்.

தேற்றுதல் தவறாகிப்போகும் விதத்தையும் மறைநூல் கூர்மையாகக் காட்டியிருக்கிறது. பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் வந்து, ஏழு இரவும் ஏழு பகலும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் முழுமையான நற்செயல் அந்த ஏழு நாள் மௌனமே. பிறகு வாய் திறந்து, இந்தத் துன்பத்துக்கு யோபு ஏதோ ஒருவகையில் காரணமாக இருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்கள். பொறுமையிழந்த யோபு அவர்களைச் சாடும் இடத்தில், பழைய தமிழ் வேதாகமம் 'தேற்றரவாளர்' என்ற சொல்லையே, வருத்தம் உண்டாக்குபவர்கள் என்ற அடைமொழியோடு பயன்படுத்துகிறது. தூய ஆவியானவருக்கு உரிய பெயரே, புண்ணைக் கிளறும் நண்பர்களுக்கும் பொருந்திவிடும் அளவுக்கு தேற்றுவதும் புண்படுத்துவதும் நெருக்கமாக இருப்பதை, துக்க வீட்டுக்குள் நுழையும் எவரும் எண்ணிப் பார்ப்பது நல்லது. இளம் மகனைப் பறிகொடுத்த தாயிடம் 'எல்லாம் கர்த்தருடைய சித்தம்' என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுவது எளிது. அது உண்மையாகவே இருந்தாலும், அந்தத் தாய் தானாக அந்த இடத்துக்கு வந்துசேரும்வரை அதைச் சொல்லும் உரிமை பிறருக்கு இல்லை.

தேற்றுதல் சரியாக நிகழ்ந்த இடங்களுள் 1 இராஜாக்கள் நூலின் 19-ஆம் அதிகாரம் சிறப்பிடம் பெறுகிறது. கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட எலியா, அரசி யேசபேல் தன்னைக் கொல்லச் சூளுரைத்ததைக் கேட்டு வனாந்தரத்துக்குள் ஒரு நாள் தொலைவு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, இனி வாழ வேண்டாம் என்று கடவுளிடமே கேட்டுக்கொண்டு தூங்கிப்போகிறார். அப்போது வரும் தூதர் அவரைக் கண்டிப்பதும் இல்லை, கர்மேலின் வெற்றியை நினைவூட்டுவதும் இல்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் தடை இல்லை. தூதர் இரண்டாம் முறை எழுப்பும்போதுதான் வழி நெடியது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுபடியும் உண்ணச் செய்கிறார். ஓரேப் மலையில் மெல்லிய குரலாகக் கடவுள் பேசுவதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்தே நிகழ்கிறது. பிரசங்கங்களில் அந்த மெல்லிய குரலுக்குக் கிடைக்கும் கவனம் இந்த அடைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இரண்டு முறை உண்டு இரண்டு முறை உறங்கிய பிறகே அந்தக் குரலைக் கேட்கும் நிலைக்கு எலியா வந்தார் என்பதே அதிகாரத்தின் வரிசை. மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடுவதை விசுவாசக் குறைவு என்று எண்ணித் தயங்குவோருக்கும், அவ்வாறு எண்ணவைப்போருக்கும், உடலின் தேவையைக் கடவுள் முதலில் கவனித்த இந்த வரிசையைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஓரேபில் 'நான் ஒருவன் மட்டுமே மீந்திருக்கிறேன்' என்ற பொருளில் எலியா இருமுறை முறையிட, ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்ற செய்தியும், எலிசா என்னும் துணையும் அவருக்குக் கிடைக்கின்றன.

திருப்பாடல்கள் அல்லது சங்கீதங்கள் எனப்படும் 150 பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை புலம்பல் வகையைச் சேர்ந்தவை. புலம்பல் என்பது இங்கே தன்னிரக்கப் பேச்சைக் குறிப்பதில்லை. துன்பத்தைக் கடவுளின் முகத்துக்கு நேராகவே வைத்து முறையிடும் வழிபாட்டு வடிவம் அது. பெரும்பாலானவை இறுதியில் நம்பிக்கையை நோக்கித் திரும்புகின்றன. 88-ஆம் பாடல் அவ்வாறு திரும்பாமல் இருளைப் பற்றிய சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதையும் தொகுப்பில் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள். தமிழ்ச் சபைகளில் 'சாட்சி' சொல்லும் வழக்கம் வலுவாக இருக்கிறது: கடன் அடைந்தவர்கள், நோய் நீங்கியவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து நின்று கடவுள் செய்த நன்மையை எடுத்துரைப்பது கேட்போருக்கு உண்மையான பலம் தருவது. ஆனால் கடன் இன்னும் அடையாதவரும், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவரும், மகன் வீடு திரும்பாத தந்தையும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவழியில் நின்றுகொண்டே பேசும் சாட்சிக்கு 88-ஆம் பாடல் இடம் கொடுத்திருப்பதுபோல் சபையும் இடம் கொடுத்தால், அவர்கள் தங்கள் சோர்வை மறைக்க வேண்டிய கூடுதல் சுமையிலிருந்தாவது விடுபடுவார்கள்.

சுமை என்ற சொல் புதிய ஏற்பாட்டிலும் முக்கியமானது. பொறுமை என்று தமிழில் வரும் இடங்களில் பலவற்றில் மூலச் சொல் 'ஹுப்பொமொனே', அதாவது ஒன்றின் கீழ் நிலைத்துத் தங்குதல். பொறுமையின் வேரான 'பொறு' என்பதும் பாரம் தாங்குதலைக் குறிப்பதால் இந்த மொழிபெயர்ப்பு இயல்பாகவே பொருந்துகிறது. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கும்படி சொன்ன பவுல், மூன்று வசனங்களுக்குப் பிறகு அவரவர் பாரத்தை அவரவரே சுமக்க வேண்டும் என்றும் சொல்வது முரணாகத் தோன்றும். பழைய தமிழ் வேதாகமம் இரண்டுக்கும் 'பாரம்' என்றே எழுதியிருப்பதால் குழப்பம் மிகுகிறது. கிரேக்கத்தில் முதலாவது ஆளை அழுத்தும் பளு, இரண்டாவது வழிப்போக்கர் வழக்கமாகத் தூக்கிச் செல்லும் மூட்டை. தமிழகத்துச் சாலையோரங்களில், பிள்ளைப்பேற்றின்போதோ கருவுற்ற நிலையிலோ இறந்த பெண்களின் நினைவாக உறவினர் நிறுத்திய சுமைதாங்கிக் கற்கள் இந்த இரண்டையும் ஒருங்கே விளக்கப் போதுமானவை. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைக்கவும், மூச்சு வாங்கியபின் மறுபடியும் தூக்கிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை நிற்கின்றன. கல் எவருடைய மூட்டையையும் எடுத்துச் செல்வதில்லை. சபையின் பெண்கள் கூட்டமும், கத்தோலிக்கத் தெருக்களில் அண்டை வீட்டார் கூடும் அன்பியமும், ஊர் முழுவதும் ஒரே பந்தியில் உட்காரும் நெல்லைச் சீமையின் அசனமும் நல்ல நாட்களில் செய்வது இந்த வேலையைத்தான்.

அதே நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கை இந்தச் சிந்தனைக்கு நேரடியாக உதவுகிறது. அயர்லாந்தில் 1867-இல் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை, குறிப்பாகக் கோயில்களுக்கு ஒப்படைக்கப்படும் நிலையில் இருந்த சிறுமிகளை, வளர்த்துவந்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றபோது, மங்கிய வெளிச்சத்தில், புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஓயாமல் நடந்துகொண்டிருந்தவர் 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. நோயுற்றிருந்த நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1933-இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலாயின. அந்நூல் பிறந்த காரணத்தை அவரே விளக்கியிருக்கிறார்: நோயாளிகளுக்கென்று அனுப்பப்பட்ட ஆறுதல் வெளியீடுகள், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் எழுதியவையாக இருந்ததால் வலியில் கிடப்பவரைத் தொடவில்லை, ஆகவே நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுத வேண்டும் என்று கருதினார். வலி தணிந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை, அது முழுமையாகத் தணியவும் இல்லை. குணமடைதல் வேறு, தேறுதல் வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கைகள் குறைவு. அவர் விரும்பியபடி அவருடைய கல்லறைமேல் நடுகல் வைக்கப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியில், தாயைக் குறிக்கும் ஒற்றைத் தமிழ்ச் சொல் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

காலையில் கைப்பேசியில் வந்துசேரும் வாக்குத்தத்த வசனங்களையும், புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வசன அட்டைகளையும், பக்கத்தில் நின்று தேற்றுதல் என்ற இந்த அளவுகோலால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பேருந்தில் நின்றுகொண்டே படித்த ஒரு வசனம் ஒருவரை அந்த நாளின் மாலைவரை தாங்கியிருப்பது உண்மை. அனுப்பியவர், படிப்பவரின் வீட்டு நிலவரத்தை அறிந்தவராக இருந்தால் அதே வசனம் இன்னும் ஆழமாக இறங்கும்.

தொடக்கக்காலச் சபையில் யோசேப்பு என்னும் ஒருவருக்குத் திருத்தூதர் 'பர்னபா', அதாவது ஆறுதலின் மகன், என்று பெயரிட்டார்கள். கொடுமைக்காரர் என்று எல்லாரும் அஞ்சி விலகிய சவுலை அவரே அழைத்துக்கொண்டுபோய்த் திருத்தூதர்முன் நிறுத்தினார். பின்னாளில் பவுல் எனப்பட்டவர் அந்தச் சவுலே. பம்பிலியாவில் பாதியிலேயே விட்டுப் பிரிந்த மாற்கு என்னும் இளைஞரை மறுபடியும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தபோது, பர்னபா அவரோடு கடுமையாகப் பிணங்கிப் பிரிந்து, மாற்குவைத் தம்முடன் சீப்புருத் தீவுக்கு அழைத்துச் சென்றார். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் பவுலே எழுதியதா, அவர் வழிவந்தவர் எழுதியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அதன் கடைசி அதிகாரத்தில் பேசுபவர், பலரும் விட்டுச்சென்ற நிலையில் சிறையில் இருக்கும் முதியவர். ஐந்து வசனங்களில் பத்து முறை ஆறுதலைப் பற்றிப் பேசிய அந்தக் கைக்குரியதாகச் சபை போற்றிவரும் இந்தக் கடிதத்தில், அவர் கேட்பவை மிகச் சில: தமக்கு உதவியாக இருப்பார் என்பதால் மாற்குவைக் கூட்டிவர வேண்டும், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும், புத்தகங்களையும், முக்கியமாகத் தோல்சுருள்களையும் கொண்டுவர வேண்டும். குளிர்காலம் தொடங்கிவிட்டால் மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து நின்றுவிடும் என்பதால், அதற்கு முன்பே எப்படியாவது வந்துசேரும்படி தீமோத்தேயுவைக் கேட்டுக்கொள்கிறார்.